திருக்கைகளின் நடுவே நடக்கும் முறை

பிப்ரவரி 9, ஞாயிறு. பாளையங்கோட்டை

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. வழக்குக் குறிப்பேடு வைத்திருக்கிறேன், அது தொழிலுக்கானது. இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் பதிவு செய்துவிடுவது முறை.

நானும் என் மனைவி தெய்வானையும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் மணவிலக்குக் கோரி, சென்ற அக்டோபர் ஏழாம் தேதி குடும்ப நீதிமன்றத்தில் மனு செய்திருக்கிறோம். மனுவை எழுதியவன் நானே. சட்டப்படி ஆறு மாதம் காத்திருந்து, வரும் ஏப்ரல் ஏழாம் தேதி இருவரும் மீண்டும் நேரில் தோன்றி, முடிவில் மாற்றமில்லை என்று கூற வேண்டும். தக்க காரணம் காட்டினால் இந்த ஆறு மாதத்தைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படிக் கேட்டு நான் மனு எதுவும் போடவில்லை. நடைமுறை என்று ஒன்று இருக்கும்போது அதை முழுமையாகக் கடைப்பிடிப்பதே நல்லது.

மனுவின் ஆறாம் பத்தி இவ்வாறு கூறுகிறது: ‘மனுதாரர்கள் இருவரும் ஓராண்டுக்கு மேலாகப் பிரிந்து வாழ்ந்து வருகின்றனர். ஒருவருடைய அன்றாட வாழ்வில் மற்றவருக்குப் பங்கு ஏதும் இல்லை.’ ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இவ்வாறு கூறச் சட்டத்தில் இடமுண்டு. நான் மாடியில், அலுவலக அறையை ஒட்டிய சிற்றறையில் படுக்கிறேன். அவள் கீழே. ஒரு பெரிய பாகப்பிரிவினை வழக்குக்காக மாடிக்குப் போனேன். வழக்கு முடிந்தபின் இறங்கி வரவில்லை. வேறு காரணம் இல்லை.

எங்கள் மகள் நங்கை பெங்களூரில் இருக்கிறாள். மனு பற்றி அவளுக்குத் தெரியாது. தீர்ப்புக்குப் பிறகு சொல்வதாக முடிவு. எங்கள் முப்பதாவது திருமண நாளுக்காக மாலத்தீவுக்கு ஐந்து நாள் பயணம் பதிவு செய்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே போகிறோம்.

ஐந்து நாள் ஒரே அறையில் தங்கினால் ஆறாம் பத்தி என்னாகும் என்று நீதிபதி கேட்கலாம். கேட்டால் காட்ட, அன்றன்றைய குறிப்பு கையில் இருக்க வேண்டும். இதைத் தெய்வானையிடம் சொன்னேன்.

“எழுதுங்க. உங்களுக்கும் பொழுது போவும்” என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

விடியற்காலையில் கேட் திறக்கும் சத்தம். அவள் தினமும் அந்த நேரத்தில் வெளியே போகிறாள். தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு ஏற்பட்ட பழக்கம். ஈரத்தலையோடு திரும்புவதால் கோபாலசாமி கோயிலுக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பது எங்கள் வீட்டில் கிடையாது. கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார் என் தாயார். தெய்வானை இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தார்.

மாலையில் பெட்டி அடுக்கினாள். பருப்புப்பொடி, நார்த்தங்காய், என் இரத்த அழுத்த மாத்திரைகள், முழங்கால் தைலம். அடியில் கருநீலத்தில் ஏதோ ஒரு உடுப்பு. மழைச்சட்டை போலும்.

பிப்ரவரி 11, செவ்வாய். தீவு

திருவனந்தபுரம் வரை கார். அங்கிருந்து மாலேவுக்கு விமானம். பிறகு விரைவுப் படகு. படகில் எனக்கு இருமுறை வாந்தி. தெய்வானை எலுமிச்சம்பழத்தைக் கீறி வைத்திருந்தாள். எப்போது வாங்கினாள் என்று தெரியாது.

அறையில் ஒரே ஒரு கட்டில். அதன்மேல் வெள்ளைத் துவாலைகளை முறுக்கி இரண்டு அன்னங்கள் செய்து, கழுத்தோடு கழுத்து சேர்த்து வைத்து, சுற்றிலும் பூவிதழ் தூவியிருந்தார்கள். பூவைத் தட்டிவிட்டுப் பெட்டியை வைத்தேன். விடுதி மேலாளரிடம் இரண்டு தனிக் கட்டில்கள் கேட்டேன். அவருக்கு என் கோரிக்கை புரிந்தது. அதன் நியாயம் புரியவில்லை. கடைசியில் யாரையோ அழைத்து வந்தார். கிளாடியஸ் என்று பெயர். தூத்துக்குடிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். விருந்தினரைக் கடலுக்கு அழைத்துப் போகும் படகில் வழிகாட்டி.

“பாளையங்கோட்டையா? நம்ம ஊர்ப் பக்கம்லா. சொல்லுங்க அண்ணாச்சி, என்ன வேணும்?”

சொன்னேன்.

“ரெண்டு கட்டிலா? கல்யாண நாளுன்னுல்லா போட்டிருக்கு. மதினி கூடச் சண்டையா?”

முதுகு வலி என்றேன். அது பொய்யல்ல.

தனிக் கட்டில் கிடைக்கவில்லை. நான் சோபாவில் படுக்கிறேன். சோபா என்னைவிடக் குட்டை.

சைவர்கள் இங்கே உயிர் வாழ்வது கடினம். பருப்பிலும் மாசிக் கருவாடு, தேங்காய்த் துவையலிலும் மாசி. சோறும் தயிரும் கேட்டு வாங்கிப் பருப்புப்பொடியோடு சாப்பிட்டோம். எதிரெதிரே அமர்ந்து உண்டோம் என்பதைப் பதிவு செய்கிறேன். வேறு மேசை காலியாக இல்லை.

பிப்ரவரி 12, புதன்

திருமண நாள்.

நங்கை காணொளியில் அழைத்தாள். இருவரும் ஒரே திரைக்குள் வர வேண்டியிருந்ததால் சோபாவில் ஒரு சாண் இடைவெளியில் அமர்ந்தோம்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் அம்மா பக்கத்துல வாங்க. உங்க பாதி மொகம்தான் தெரியுது.”

நகர்ந்தேன். அரைச் சாண்.

“அம்மா, நாளைக்குத் திருக்கை மீன் பாக்கப் போறீங்கல்ல? அதுக்குத்தான் இந்தத் தீவையே தேடிப் பிடிச்சேன். நல்லா என்ஜாய் பண்ணு, என்ன?”

தெய்வானை தலையசைத்தாள். ஏன் அவளிடம் மட்டும் சொல்கிறாள் என்று தோன்றியது. வயது ஐம்பத்தெட்டு, வாந்தி எடுப்பவன். என்னிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

சாயங்காலம் படகுத்துறைக்கு நடந்தோம். சமையற்கட்டு மீன் கழிவுகளைக் கொட்டும் நேரம் அது என்று திருக்கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. முழங்கால் ஆழத் தண்ணீரில் ஏழெட்டு வந்தன. பாயை யாரோ தண்ணீருக்கு அடியில் இழுத்துக்கொண்டு போவது போன்ற நடை. சாம்பல் நிறம், வட்டமான உடல், பின்னால் சாட்டை போன்ற வால். வாலின் நடுவில் ஒரு முள். அது குத்தினால் என்ன ஆகும் என்று கிளாடியஸிடம் விசாரித்தேன். விரிவாகச் சொன்னார். கேட்டிருக்க வேண்டாம்.

தெய்வானை துறையின் விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க ஊர்ல இதப் புட்டு வச்சித் திம்போம், மதினி. பிள்ளை பெத்தவளுக்கு நல்லது. இங்க என்னடான்னா இதுக்கு நான் ஊட்டி விடுதேன். எங்க அம்மை பாத்தான்னா நெஞ்சு வெடிச்சிரும் அவளுக்கு” என்றார் கிளாடியஸ்.

தெய்வானை சிரித்தாள். குரல் விட்டுச் சிரித்தாள். அதைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். (தொடர்பற்ற விவரம். நீக்கலாம்.)

பிப்ரவரி 13, வியாழன்

முழங்கால் வலி. இருந்தாலும் இன்று நடந்ததை முறைப்படி எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் படகு. எங்களோடு கோயம்புத்தூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதியர், இரண்டு ஜெர்மானியர்கள். புறப்படும் முன் ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன நேர்ந்தாலும் எவரும் பொறுப்பல்ல என்று நான்காம் பிரிவில் இருந்தது. நிறுவனத்தின் அலட்சியத்தால் நேர்வது தவிர என்று எழுதிச் சேர்த்து, திருத்தத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். ஜெர்மானியர்கள் வெயிலில் நின்றார்கள்.

“அண்ணாச்சி, கையெழுத்துப் போடுதியளா, தீர்ப்பு எழுதுதியளா?” என்றார் கிளாடியஸ்.

படகு அரை மணி நேரம் ஓடியது. கடலின் நடுவே ஒரு மணல் திட்டு. சுற்றிலும் இடுப்பளவுத் தண்ணீர். மேற்கே சற்றுத் தள்ளி நிறம் கரும்பச்சையாக மாறி ஆழம் தொடங்குகிறது. படகை நிறுத்தி, கிளாடியஸ் விதிகளை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார்.

“ரெண்டே விசயம். ஒண்ணு, காலத் தூக்கி வைக்காதிய. மணல்ல தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க. அது மணலுக்கு அடியில படுத்துக் கெடக்கும். நீங்க வாறது அதுக்குத் தெரியணும். தெரிஞ்சா அதுபாட்டுக்கு எந்திரிச்சுப் போயிரும். தெரியாம மேல மிதிச்சாத்தான் குத்தும். ரெண்டாவது, தீனி குடுக்கறப்ப வெரல மடக்கிக் கட்டவெரல உள்ள வச்சுக்கிடுங்க. வாய் அடியில இருக்கு. அதுக்கு எது மீனு எது வெரலுன்னு தெரியாது.”

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். “அண்ணாச்சி, நீச்சல் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது” என்றேன்.

தெய்வானை அப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது இத்தகைய சூழலில் இயல்பு.

நான் படகிலேயே தங்கினேன். அவள் மேலே அணிந்திருந்த சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே, மழைச்சட்டை என்று நான் நினைத்த கருநீல உடுப்பு. முழங்கால் வரை, முழங்கை வரை. அவளுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. அதன்மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

காலைத் தேய்த்து நடந்தாள். திருக்கைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு அவளைச் சுற்றி ஐந்தாறு. கிளாடியஸ் வாளியிலிருந்து ஒரு மீன் துண்டை நீட்டினார். வாங்கமாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மீன்காரி தெருவுக்குள் வந்தால் ஜன்னலைச் சாத்துகிறவள். வாங்கினாள். விரல்களை மடக்கி, கையைத் தண்ணீருக்குள் விட்டாள். ஒரு திருக்கை அவள் கையின்மேல் ஏறி மூடிக்கொண்டது.

“எப்படி இருக்கு மதினி?”

“உரிச்ச வாழத்தண்டு மாதிரி இருக்கு. மீன் நாத்தம்தான் கொடலப் புடுங்குது. இன்னொண்ணு குடுங்க.”

சிறிது நேரம் கழித்து நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டியபோது, அவள் மிதவைச் சட்டையைக் கழற்றி ஏணியில் தொங்கவிட்டிருந்தாள். அவள் இருந்த இடத்தில் அவள் இல்லை. மேற்கே, நிறம் மாறும் இடத்துக்கு அப்பால், கருநீலமாக ஏதோ ஒன்று தண்ணீருக்குள் இறங்குவது தெரிந்தது.

எழுந்து நின்று கத்தினேன். “கிளாடியஸ், அவளுக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கு நீச்சல் தெரியாது.” இரண்டு முறை சொன்னேன். அதற்கு மேலும் சொல்லியிருக்கலாம்.

கிளாடியஸ் வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். நாலு வீச்சில் நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, கையால் அந்தப் பக்கம் காட்டினார்.

“அண்ணாச்சி, நல்லாப் பாருங்க.”

தலை வெளியே வந்தது. ஒரு கை வந்து விழுந்தது, பிறகு மறுகை. இடப்பக்கம் தலையைத் திருப்பி மூச்சு எடுத்தாள். நிதானமாக, எண்ணி வைத்தாற்போல. அவளுக்கு அடியில், தண்ணீரின் தெளிவில், பெரிய திருக்கை ஒன்று அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே திசையில் போனார்கள். படகைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடி வந்தார்கள்.

கோயம்புத்தூர்ப் பெண் கைதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், ஆன்ட்டி சூப்பரா நீந்துறாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

முப்பத்து மூன்று ஆண்டுகளாகச் சாட்சிகளை விசாரித்து வருகிறேன். இவ்வளவு நேரான கேள்வியை நான் எவரிடமும் கேட்டதில்லை.

“தெரியாது” என்றேன்.

அவள் ஏறி வந்ததும் துவாலையைக் கொடுத்தேன். கண்கள் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வீட்டில், காலை நேரங்களில், செய்தித்தாளுக்கு மேலாக.

அவள் தலையைத் துவட்டினாள். நான் கேட்கவில்லை.

ஆறாம் பத்தி குறித்து: அந்த இரண்டாம் வாக்கியம் நான் யோசித்து எழுதியதல்ல. எல்லா மனுக்களிலும் வருவது. பழைய மனு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்தேன். அது உண்மையா என்று சோதிக்க வேண்டிய அவசியம் எழவில்லை. இன்று என்னளவில் அது மெய்ப்பிக்கப்பட்டது.

இரவு உணவுக்குப் பின் மேசையில் என் மாத்திரையும் அதன் பக்கத்தில் தண்ணீரும் இருந்தன. இந்தத் தீவில் தினமும் இருந்திருக்கின்றன. வீட்டிலும் மாடிப்படியின் மூன்றாம் படியில் தினமும் இருக்கும். அவளளவில் அந்த வாக்கியம் உண்மையா என்பது வேறு கேள்வி.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் கிளாடியஸிடம் போய், நானும் தண்ணீரில் இறங்க விரும்புவதாகச் சொன்னேன். இன்று படகு இல்லை, துறைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம் என்றார்.

“மதினி இருக்கையில நான் எதுக்கு? அவுஹளே கூட்டிட்டுப் போவாஹ. நான் இங்கன நிக்கேன், ஆளு முங்கினா எடுக்கதுக்கு.”

இறங்கினேன். முழங்காலுக்கு இதமாக இருந்தது. தெய்வானை எனக்கு முன்னால் பின்புறமாக நடந்தாள், என்னைப் பார்த்தபடி.

“காலத் தூக்காதிய. தேய்ச்சு வாங்க.”

“தேய்ச்சுத்தான் வாரேன்.”

“எங்க? கோர்ட்டுப் படி ஏறுத மாதிரி ஏறுதிய.”

தேய்த்தேன். மணல் கலைந்து புகைந்தது. ஒன்று எழுந்து போனது. அது அங்கே இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது. மற்றொன்று போகாமல் என் இடது பாதத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து கடந்தது. குளிர்ந்த, கனமான ஏதோ ஒன்று; முழுவதும் கடக்க வெகுநேரம் ஆனது. நான் தடுமாறியிருக்க வேண்டும். தெய்வானை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திருக்கை போன பிறகும் சிறிது நேரம் பிடித்திருந்தாள். பாதுகாப்பு கருதிச் செய்தது.

கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தோம். எப்போது கற்றுக்கொண்டாள் என்று கேட்டேன்.

“போன வருசம் தைப்பூசம் கழிஞ்சு. ஸ்டேடியம் நீச்சல்குளத்துல காலைல பொம்பளைகளுக்குன்னு தனி நேரம்.”

கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்ததாகச் சொன்னேன்.

“கண்ணு ரெண்டும் செவந்து, தலையெல்லாம் குளோரின் மணத்தோட வாரேன். எந்தக் கோயில்ல அப்படித் தீர்த்தம் குடுக்காங்க?”

நங்கைக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“இந்த உடுப்ப வாங்கி அனுப்பினதே அவதான். ஒரு நாள் போன்ல, எங்கம்மா இருக்க, மூச்சு வாங்குதேன்னு கேட்டா. சொன்னேன்.”

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பது நம் வீட்டில் வழக்கமில்லையே என்றேன்.

“தெரியும். அத்தை சொன்னது. போறப்ப கேக்கக் கூடாது. சரி. வந்தப்புறம் எங்க போயிட்டு வாறேன்னு கேக்கலாம்லா? அதுக்கு எந்த சாஸ்திரத்துல தடை?”

எனக்குத் தெரிந்தவரை அப்படித் தடை ஏதும் இல்லை.

அவள் பாதத்தின் மேல் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

“மொத நாளு, தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்ததும் கை காலெல்லாம் நடுங்கிட்டு. கம்பியப் புடிச்சுக்கிட்டு முழு நேரமும் நின்னேன். சின்னப் பிள்ளைக சிரிக்கு. வீட்டுக்கு வந்து ஒங்ககிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு இருந்துச்சு. காப்பியக் குடுத்துட்டு, கேப்பியன்னு பக்கத்துலயே நின்னேன். நீங்க பேப்பர் படிச்சிய. மறுநாளும் நின்னேன். ஒரு மாசம் பாத்தேன். பொறவு, கேட்டுறக் கூடாதேன்னு ஆயிட்டு.”

சென்ற செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம், எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, “எனக்குப் போதும்” என்றாள். சோறா என்று கேட்டேன். “எல்லாம்” என்றாள். மேற்கொண்டு சில கேள்விகள் கேட்டு, அவள் விருப்பம் இன்னது என்று தெளிவுபடுத்திக்கொண்டு, நான்கு நாளில் மனுவைத் தயாரித்தேன். கட்சிக்காரர் ஒருவர் சொன்னால் அப்படித்தான் செய்வேன். அன்று நான் கேட்ட கேள்விகள் அனைத்தும் மனுவுக்குத் தேவையானவை.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் தெய்வானை. “ஆறு மாசத்தக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம்னு ஒங்க ஜூனியர் சொன்னான். நீங்க ஏன் கேக்கல?”

நடைமுறை என்றேன்.

“ம்” என்றாள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு அறைக்குப் போனாள்.

மேற்கொண்டு கேட்டிருந்தால் வேறொரு பதிலும் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

திரும்பினோம். படகில் வாந்தி இல்லை. கிளாடியஸ் துறையில் நின்று, “அண்ணாச்சி, தேய்ச்சு நடங்க” என்று கத்தினார்.

மார்ச் 3, திங்கள். பாளையங்கோட்டை

கேட் சத்தம். கேட்டின் சத்தத்துக்கு முன்னாலேயே விழித்துவிடுகிறேன்.

அவள் திரும்பி வந்தபோது கேட்கவில்லை. மனு நிலுவையில் இருக்கும்போது இப்படிக் கேட்பது, அவளது சம்மதத்தைக் கலைக்கும் முயற்சியாகக் கருதப்படலாம். எதிர்த்தரப்பினரிடம் அவ்வாறு நடந்துகொள்ளக் கூடாது. அவள் எதிர்த்தரப்பல்ல, இணை மனுதாரர். இருப்பினும்.

மார்ச் 12, புதன்

கேட்கவில்லை. ஒரு கட்சிக்காரர் காலை ஆறரைக்கே வந்துவிட்டார்.

மார்ச் 19, புதன்

பல்வலி. கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஜூனியர் நெல்லையப்பன் இறுதி விசாரணைக்கான உறுதிமொழிப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். ஆறாம் பத்தியின் வாசகம் அப்படியே அதிலும் இருந்தது. தெய்வானை ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள். பேனாவைத் திறந்து, படித்து, மூடினேன்.

“சார், எதுவும் தப்பா இருக்கா?”

இரண்டாம் வாக்கியம் சரியில்லை என்றேன்.

“அது எல்லா மனுவுலயும் வாற வரிதான சார். நீங்க எழுதிக் குடுத்தது.”

ஒரு மனுதாரர் விஷயத்தில் மட்டுமே அது உண்மை என்றேன். எந்த மனுதாரர் என்று அவன் கேட்டான். போய் டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

இந்தக் குறையைக் காட்டி மனுவையே தள்ளுபடி செய்யவைக்க முடியும். எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. ஆனால் பத்தி தவறு என்பதால் அவள் இங்கே இருக்க வேண்டும் என்று ஆகாது. அவள் ‘எனக்குப் போதும்’ என்று சொன்னது பத்தியைப் பற்றியல்ல.

களைப்பாக இருக்கிறது. மாடிப்படி இப்போது அதிகமாகத் தெரிகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

தெய்வானை சேலைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கோர்ட்டுக்கு எதக் கட்டிட்டு வரட்டும்? இந்தச் சாம்பல் கலர் போதுமா?”

எதுவாயினும் சரி என்றேன்.

“நீங்க கையெழுத்துப் போடலேன்னு நெல்லையப்பன் சொன்னான்.”

காலையில் போடுவேன் என்றேன். போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் தன்னளவில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டாள். சேலையை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

ஏப்ரல் 7, திங்கள்

கேட் சத்தம். நீதிமன்ற நாளன்றும் போகிறாள்.

மாடியிலிருந்து இறங்கினேன். செருப்பைப் படியில் தேய்த்துக்கொண்டே இறங்கினேன், வீட்டில் எவரும் இல்லாதபோதும்.

அடுப்படியில் காப்பி போட முயன்றேன். டிகாக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பால் ஒருமுறை பொங்கி வழிந்தது. துடைத்தேன். சர்க்கரை என்று எடுத்தது ரவை. மறுபடி போட்டேன். இரண்டு தம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். செய்தித்தாள் வந்து விழுந்தது. எடுக்கவில்லை.

ஏழே காலுக்கு வந்தாள். ஈரத்தலை. கண்கள் சிவந்திருந்தன. அடுப்படியில் என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றாள்.

“எங்க போயிட்டு வாறே?” என்று கேட்டேன்.

கையிலிருந்த ஈரப் பையை மெல்லப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அந்த நாற்காலியில் நேற்று இஸ்திரி போட்ட சாம்பல் நிறச் சேலை கிடந்தது. சேலை நனைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், இருந்தும் பையை எடுக்கவில்லை.

“இன்னைக்குக் கோர்ட்டுங்கதனால கேக்கியளா?”

“ஆமா” என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும்.

தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“மல்லாக்க நீந்தப் பழகுதேன்” என்றாள். “காது தண்ணிக்குள்ள போயிரும். வெளிய ஒரு சத்தமும் கேக்காது. அதுக்கே பயந்து ரெண்டு மாசமா எந்திரிச்சு எந்திரிச்சு நிப்பேன். இன்னைக்கு நிக்கல. அந்தக் கடைசி வரைக்கும் போனேன். மேல பாத்துக்கிட்டே போனதுல செவுத்துல போயி மண்டைய இடிச்சிட்டேன்.”

எங்கே என்றேன். தலையைக் குனிந்து காட்டினாள். உச்சிக்குச் சற்றுப் பின்னால் சிறிய வீக்கம். தொட்டுப் பார்த்தேன். ஈர முடி. அதில் நரை எவ்வளவு என்பதும் இன்றுதான் தெரிந்தது.

அவள் உட்கார்ந்து காப்பியை முழுவதும் குடித்தாள்.

“பத்தரைக்குத்தான கூப்பிடுவாங்க?”

“ஆமா.”

“கையெழுத்து வாங்குனப்ப, பதினெட்டு மாசம் வரைக்கும் போகலாம்னு சொன்னியளே. அது நெசந்தானா?”

உண்மை என்றேன். மனு செய்த நாளிலிருந்து கணக்கு. அடுத்த ஆண்டு ஏப்ரல் ஏழு வரை. அதற்குள் இருவரும் வந்து கேட்காவிட்டால் மனு தானாகக் காலாவதியாகிவிடும்.

“அப்ப இன்னைக்கு நான் வரல.” தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “வரலேன்னா மனசு மாறிட்டுன்னு எழுதிறாதிய. வரல, அவ்வளவுதான்.”

“எழுதல.”

“நாளைக்கும் கேளுங்க. பாப்போம்.”

நெல்லையப்பனைத் தொலைபேசியில் அழைத்து, மனுதாரர்கள் இருவரும் வரவில்லை என்று தெரிவித்து வேறு தேதி கேட்கச் சொன்னேன். என்ன காரணம் சொல்வது என்று கேட்டான். காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

அவள் நனைந்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள். நான் வழிந்த பாலின் மிச்சத்தைத் தேய்த்துக் கழுவினேன்.

இந்தக் குறிப்புகளை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஆறாம் பத்திக்கு ஆதரவாகத் தாக்கல் செய்ய இவை தகுதியானவை அல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

கேட்டேன்.